உள்ளங்காலில் வந்த அரிப்பு

எங்கள் வீட்டுக்கு அரிப்பு மலையிலிருந்து வந்தது. பெரியாற்றை மறித்து அணை கட்டுகிற வேலைக்குப் பள்ளத்தாக்கிலிருந்து ஆட்கள் ஏறிக்கொண்டிருந்த காலம் அது. மழை ஏமாற்றிய வருசத்தில் எங்கள் அய்யாவும் ஏறினார். மேலே குளிருக்கு ஒரே கம்பளியை முறை வைத்துப் போர்த்திக்கொள்வார்களாம். காய்ச்சல் கண்டு இறங்கி வந்தபோது அப்படி ஒரு கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். கோம்பையில் எங்கள் தெருவில் அந்த மாதிரி கம்பளி யாரிடமும் கிடையாது. நானும் தம்பியும் அடித்துக்கொண்டு அதற்குள் புகுந்து படுத்தோம். காய்ச்சல் விட்டதும் கம்பளியை எங்களுக்கே விட்டுவிட்டு அய்யா மறுபடி மலையேறினார். போகும்போது ஆத்தாளின் வயிற்றைப் பார்த்து, பிறந்ததும் ஆள் அனுப்புங்கள் என்றார். எனக்கும் தம்பிக்கும் நடுவில் பிறந்த ஒன்று தங்கவில்லை. இதாவது தங்கவேண்டும் என்பதுதான் அப்போது வீட்டில் எல்லோருக்கும் இருந்த ஒரே கவலை.

அய்யா போன கொஞ்ச நாளில் எனக்கு விரலிடுக்கில் அரிக்க ஆரம்பித்தது. அப்புறம் தம்பிக்கு. அப்புறம் வீடே சொறிந்தது.

வீட்டை ஆண்டது அய்யாவின் அக்கா, எங்கள் அத்தை. சின்ன வயதிலேயே தாலியறுத்துத் தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். எங்கே அரிக்கிறது என்று மட்டும் கேட்டு, இன்ன நோய் என்று சொல்லிவிடுவாள். தலை என்றால் பேன். கழுத்து என்றால் வேர்க்குரு. கால்விரல் இடுக்கு என்றால் சேற்றுப்புண். தொடையிடுக்கு என்றால் மேலே ஒன்றும் கேட்கமாட்டாள், இலையை அரைத்துக் கையில் கொடுத்து மறைவுக்கு அனுப்பிவிடுவாள். விரலிடுக்கும் மணிக்கட்டும் என்றதும் சொறி என்றாள். அவளுக்கே இடுப்பைச் சுற்றி அரித்தது. அது மட்டும் சொறி இல்லை, சேலையை இறுக்கிக் கட்டியதால் வந்தது. மகாராணிக்கு அதெல்லாம் வருமா?

முதலில் குப்பைமேனியும் மஞ்சளும் உப்பும் அரைத்துப் பூசினாள். எரிந்ததே தவிரக் குறையவில்லை. பிறகு வைத்தியரிடம் போய்க் கந்தகம் வாங்கிவந்து வேப்பெண்ணெயில் குழைத்தாள். நானும் தம்பியும் மேலெல்லாம் மஞ்சளாக வெயிலில் நின்றோம். தெருநாய்கூடக் கிட்டே வரவில்லை, அப்படி நாற்றம். துணிகளையெல்லாம் உவர்மண் போட்டு அவித்தாள். கம்பளியைக் கொல்லையில் போட்டுக் கொளுத்தியபோது நாங்கள் அழுதோம். ஆனால் பலித்தது. எங்களுக்கு ஆறி உதிர்ந்துவிட்டது. அத்தைக்குச் சேலைக்கட்டும் தானாகத் தளர்ந்துவிட்டது.

எல்லோருக்கும் நின்ற பிறகுதான் ஆத்தாளுக்குத் தொடங்கியது. அது உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் மட்டும். தோலில் ஒரு பொரி கிடையாது, கொப்புளம் கிடையாது. சொறிந்து சொறிந்து அவளே போட்டுக்கொண்ட கீறல்கள்தான் இருந்தன. தண்ணீர்ப் பானைக்குக் கீழே கொட்டியிருந்த ஈரமணலில் இரண்டு காலையும் புதைத்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பாள். சாயங்காலமானால் காலை நீட்டுவாள். நான் காய்ந்த பீர்க்கங்காய் நாரை வைத்துத் தேய்ப்பேன். இன்னும் அழுத்து, இன்னும் அழுத்து என்பாள். என் கை ஓய்ந்துபோகும். ராத்திரியெல்லாம் அவள் தூங்கவில்லை என்பது காலையில் கண்ணைப் பார்த்தால் தெரியும். கண் மங்கி, வெள்ளையெல்லாம் மஞ்சள் பாரித்துக் கிடந்தது.

தெருப் பெண்கள் கேலி பேசினார்கள். உள்ளங்கை அரித்தால் வரவு, உள்ளங்கால் அரித்தால் பயணம், புருசன் மடி நிறையக் கொண்டுவந்து உன்னை எங்கேயோ கூட்டிக்கொண்டு போகப்போகிறான் என்றார்கள். ஆத்தாளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கதவு நிலையில் கையைத் தேய்த்தாள்.

அத்தையைப் பொறுத்தவரை இதுவும் சொறியேதான். பத்தியம் மீறியதால் விடவில்லை என்பது அவள் கட்சி. கத்தரிக்காயை ஏற்கெனவே நிறுத்தியிருந்தாள். இப்போது புளியையும் நிறுத்தினாள். அதற்கும் அடங்காமல் போகவே, ஆத்தா திருட்டுத்தனமாகக் கருவாடு தின்கிறாள் என்று அடுப்படிச் சட்டிகளை மோந்து பார்க்கத் தொடங்கினாள். ஆத்தா எதிர்த்துப் பேசுகிறவள் இல்லை. ஒருநாள் மட்டும், “கருவாட்டு வாசம் பட்டாலே கொமட்டுது மதினி. நான் எங்கிட்டுத் திங்க?” என்றாள். அத்தை சட்டியைக் கீழே வைத்துவிட்டுப் போனாள்.

மறுபடி வைத்தியரிடம் போனோம். போனோம் என்றால் அத்தையும், அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நானும். நோயாளி வரவில்லை. வரக்கூடாது. எங்கள் வைத்தியர் பாம்புக்கடிக்கும் பார்க்கிறவர். பிள்ளைத்தாய்ச்சி கண் பட்டால் கடிபட்டவனுக்கு விஷம் இறங்காது என்று ஊரே நம்பியது. அதனால் வயிற்றில் பிள்ளை இருக்கிற எந்தப் பெண்ணும் அந்த வாசலை மிதிப்பதில்லை. அவளுக்கு என்ன செய்கிறது என்பதை வீட்டுப் பெரியவள் போய்ச் சொல்லி மருந்து வாங்கிவருவாள். அன்றைக்கும் வாசல் பந்தலில் ஒருவன் கால் வீங்கிக் கிடந்தான். அவன் மேல் வேப்பிலை போட்டிருந்தார்கள்.

வைத்தியர் கெட்டிக்காரர்தான். விரலிடுக்கில் பொரி இருக்கிறதா என்று கேட்டார். கண்ணும் சிறுநீரும் என்ன நிறம் என்று கேட்டார். அத்தைக்கு அந்தக் கேள்வியே பிடிக்கவில்லை. ஆம்பளையிடம் சொல்கிற பேச்சா அது?

“வீட்டுல எல்லாருக்கும் வந்த அதே சொறிதான் வைத்தியரே. கடைசியா அவளப் பிடிச்சிருக்கு.”

“ஆளப் பாத்தாத் தேவல.”

“பிள்ளத்தாச்சியை இங்கன எப்படிக் கூட்டியாறது?”

வைத்தியர் பந்தலில் கிடந்தவனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு எழுந்து போய்க் கந்தகத்தை மடித்துக் கொடுத்தார். அத்தையைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிந்திப் பெய்த மழையின் சகதியில் அவ்வளவு தூரம் நடந்து, திரும்பி வந்ததும் உட்காராமல் எண்ணெயில் குழைத்து, ஆத்தாளின் காலைத் தன் மடியில் வைத்து அவளே பூசிவிட்டாள். பிள்ளை தங்கவேண்டும் என்று அவளைவிட ஆசைப்பட்டவர்கள் அந்த வீட்டில் இல்லை. கீறலில் கந்தகம் பட்டு ஆத்தா துடித்தாள். அரிப்பு அப்படியேதான் இருந்தது.

நாள் நெருங்குமுன்பே வலி கண்டுவிட்டது. என்னையும் தம்பியையும் பக்கத்து வீட்டில் விட்டார்கள். பொழுது சாயும்போது கூட்டிப்போனார்கள். பெண் பிள்ளையாம். அழவே இல்லையாம். சாமிகிட்டப் போய்விட்டது என்றாள் அத்தை. முன்னே ஒன்று அங்கேதான் போயிருந்ததால், துணைக்குத் துணையாயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாளோ அதற்கு மறுநாளோ, ஆத்தாளின் பாயருகே உட்கார்ந்திருந்தேன். சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தாள். கைகள் இரண்டும் விரித்தபடி அசையாமல் கிடந்தன. அவை அப்படிச் சும்மா கிடந்து நான் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது. கால்களும் ஒன்றோடொன்று தேய்த்துக்கொள்ளவில்லை. எனக்குச் சட்டென்று புரிந்தது. அரிப்பு போய்விட்டது! “ஆத்தா, ஒனக்கு நின்னுபோச்சா?” என்று அவள் முகத்தைத் திருப்பினேன். தலையை மட்டும் ஆட்டினாள். சந்தோஷத்தில் அவள் உள்ளங்கையை எடுத்து என் கன்னத்தில் வைத்துக்கொண்டேன்.

“அது பாட்டுக்கு அரிச்சுக்கிட்டே இருந்திருக்கலாம் தாயி” என்றாள் ஆத்தா.

அரிப்பு வேண்டும் என்று யாராவது சொல்வார்களா? தூக்கக் கலக்கத்தில் உளறுகிறாள் என்று நினைத்தேன். அவளை விட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடினேன். எங்க ஆத்தாளுக்குச் சொகமாயிருச்சு என்று வாசல் வாசலாகச் சொன்னேன். வரவு என்றும் பயணம் என்றும் பேசிய பெண்கள் ஒவ்வொருத்தியாக எழுந்து உள்ளே போனார்கள். ஒருத்தி என்னை இழுத்து முந்தானையால் என் வாயைப் பொத்தினாள். எனக்குக் கோபமான கோபம். அரித்தபோது ஆளுக்கொரு காரணம் சொன்னவர்களுக்கு, குணமானதும் சந்தோஷப்பட மனசில்லையே என்று அவள் கைக்குள் திமிறிக்கொண்டிருந்தேன்.