டானிக் கொலைகாரனும் எங்கள் மருந்துக்கடையும்

கூத்தாநல்லூர் கடைத்தெருவில் ஒரு மருந்துக்கடையில் ஏழு வருஷமாக வேலை பார்க்கிறேன். பார்மசி படித்து முடித்த கையோடு சேர்ந்தது. கடையில் மூன்று பேர்தான். முதலாளி, நான், என்னைவிடப் பத்து வயது மூத்த இன்னொரு பெண். அவரை நான் லாத்தா என்று கூப்பிடுவேன். இந்த ஊர் முஸ்லிம் வீடுகளில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். இந்த ஏழு வருஷத்தில் நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தது, அந்தத் தொடர் வந்த புரட்டாசி மாதத்தில்தான்.

எட்டுப் பாகம் உள்ள தொடர். வடக்கே எங்கேயோ உண்மையிலேயே நடந்த கதை. ஒரு கம்பவுண்டர், தனியாக இருக்கும் பெண்களாகப் பார்த்து, சத்து டானிக் என்று சொல்லி விஷம் கொடுத்து ஒவ்வொருவராகக் கொல்கிறான். தமிழில் குரல் கொடுத்து வெளியிட்டிருந்தார்கள். லாத்தாவின் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் இருக்கிறார். அவர் கட்டிய சந்தாவில் இங்கே நாலு வீடு படம் பார்த்துக்கொண்டிருந்தது. முதலாளி மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனால் திரும்பி வர ஒன்றரை மணி நேரமாகும். அந்த நேரத்தில் கடையும் ஓய்ந்திருக்கும். இருமல் மருந்துப் பெட்டியில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு நானும் லாத்தாவும் பார்க்க ஆரம்பித்தோம்.

முதல் பாகத்தில் கம்பவுண்டராக நடித்தவர் முகத்தைத் திருப்பியதுமே லாத்தா படத்தை நிறுத்திவிட்டார்.

"இங்க பாரு. இது நம்ம முதலாளி."

அதே மீசை. மூக்கு நுனியில் நிற்கும் அதே கண்ணாடி. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து "என்ன செய்யுது?" என்று கேட்கிற அதே தோரணை. நடிகர் கொஞ்சம் உயரம், வயதும் குறைவு, அவ்வளவுதான் வித்தியாசம். நாங்கள் சிரித்த சிரிப்பில் பேதி மாத்திரை வாங்க வந்த பெரியவர், தன் நோயைப் பார்த்துத்தான் சிரிக்கிறோம் என்று நினைத்துக் கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விட்டார்.

இதை நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை. ஒரே வாரத்தில் ஊரில் பாதிப் பேர் அந்தத் தொடரைப் பார்த்துவிட்டார்கள். தலைவலித் தைலம் வாங்க ஒருத்தர் வந்தால் அவரோடு சேர்ந்து நாலு பேர் வந்தார்கள். முதலாளியை மேலும் கீழும் பார்ப்பார்கள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வார்கள், ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு வெளியே ஓடுவார்கள். கல்யாணமாகாத பெண்கள் மட்டுமல்ல, பேரன் எடுத்தவர்களும் அப்படித்தான். அந்த நடிகர் மேல் எல்லோருக்கும் ஒரு கிறுக்கு. கொலைகாரன்தான், ஆனால் அவன் கண்ணைப் பார்த்தால் நானே டானிக்கை வாங்கிக் குடித்துவிடுவேன் என்று ஒரு அம்மா என் காதுக்குள் சொல்லிவிட்டுப் போனார்.

முதலாளிக்கு ஒன்றும் தெரியாது. அவர் செய்தியும் கிரிக்கெட்டும் தவிர எதுவும் பார்க்கமாட்டார். கடைக்குப் புதிதாக எல்.ஈ.டி. போர்டு மாட்டியிருந்தார். கூட்டம் அதனால்தான் என்று முதலில் நம்பினார். பிறகு கண்ணாடியைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தார். மீசைக்கு மை ஏறியது. சட்டைக்கு இஸ்திரி ஏறியது. வருகிறவர்கள் ஒவ்வொருவரிடமும் தலையைச் சாய்த்து, "என்ன செய்யுது?" என்று முன்னைவிட இரண்டு மடங்கு கனிவாகக் கேட்டார். ஒரு பெண், கையில் வாங்கிய டானிக் பாட்டிலைக் கல்லாமேஜையிலேயே வைத்துவிட்டு ஒரே ஓட்டமாக ஓடினாள். "வெக்கப்படுது பாவம்," என்றார் முதலாளி. நான் ஊசி எடுக்கிற சாக்கில் குளிர்பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டேன்.

அந்தத் தெருவில் ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர் இருந்தார். ஆறாவது பாகம் பார்த்து முடித்த அன்று சாயந்திரம் வந்து, தனக்கு எழுதிக் கொடுத்த டானிக்கைத் திறந்து, முதலாளி ஒரு மூடி குடித்தால்தான் வாங்குவேன் என்றார். முதலாளி கொஞ்சம்கூடச் சங்கடப்படவில்லை. ஊற்றிக் குடித்தார். நாக்கைச் சப்புக்கொட்டினார்.

"நல்லா இனிப்பாத்தாங்க டீச்சர் இருக்கு. பயப்படாம சாப்பிடுங்க."

டீச்சர் ஐந்து நிமிஷம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் கீழே விழவில்லை என்று உறுதியானதும் பாட்டிலை எடுத்துக்கொண்டு போனார். கடை வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பெண்களிடமிருந்து ஒரு பெருமூச்சு கேட்டது. அது நிம்மதியா ஏமாற்றமா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது சம்பா நடவு மும்முரமாக இருந்தது. என் அம்மாவெல்லாம் ஒருகாலத்தில் நட்ட வயல்களில் இப்போது வடக்கிலிருந்து வருகிற ஆட்கள்தான் குழுக்குழுவாக நடுகிறார்கள். அப்படி ஒரு குழுவின் மேஸ்திரி, நாற்பத்தைந்து வயதிருக்கும், சேற்றுப்புண்ணுக்குக் களிம்பு வாங்க எங்கள் கடைக்குத்தான் வருவார். பல வருஷமாக வந்து போகிறவர், தமிழ் நன்றாகவே பேசுவார்.

அன்றைக்கு அவர் வந்தபோது கடையில் ஏழெட்டுப் பெண்கள் இருந்தார்கள். முதலாளி வழக்கம்போலத் தலையைச் சாய்த்து, "என்ன செய்யுது?" என்றார். பின்னாலிருந்து குபீரென்று சிரிப்பு. மேஸ்திரி திரும்பிப் பார்த்தார். முன்னால் நின்ற அம்மா, பேச்சோடு பேச்சாக, வடக்கே ஒரு கம்பவுண்டர் கதை வந்திருக்கிறதே, நீங்கள் பார்த்தீர்களா என்று கேட்டார். அவர் பார்க்கவில்லை என்றார். பிறகு, அது எங்கள் ஊர்ப்பக்கம் நடந்ததுதான், அந்த ஆளை எனக்குத் தெரியும் என்றார்.

அவ்வளவுதான். கடைக்குள் ஒரு கோழிக்கூட்டம் இறங்கியது போல ஆகிவிட்டது. நேரில் பார்த்தீர்களா, பேசினீர்களா, எப்படி இருப்பான் என்று எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள். குள்ளம், சொட்டைத் தலை, பல்லெல்லாம் கறை என்று மேஸ்திரி சொன்னதும் பெண்களுக்கு முகம் விழுந்துவிட்டது.

"அப்ப இந்தக் கடை முதலாளி மாதிரி இல்லையா?" என்று ஒருத்தி வாய் தவறிக் கேட்டுவிட்டாள்.

முதலாளி நிமிர்ந்தார். "யாரு யாரு மாதிரி?"

கடைசியில் லாத்தாதான் போனை எடுத்து, படத்தை ஓடவிட்டு அவர் கையில் கொடுத்தார். முதலாளி இரண்டு நிமிஷம் நின்றபடியே பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். காது மடல் சிவந்தது. நான் அன்றோடு என் வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

அப்போதுதான் மேஸ்திரி சொன்னார்.

"எங்க அத்தை அவன்கிட்டதான் டானிக் வாங்குனாங்க. அப்பாவோட அக்கா."

ஒருத்தராலும் கண்ணைத் தூக்க முடியவில்லை. மூன்றாம் பாகத்தில் ஒரு விதவை அம்மா வருவார். ஒரு வார்த்தை பேசாமல் ஜன்னலோரம் அழுதுகொண்டிருப்பார், டானிக்கைக் குடிப்பார், செத்துப்போவார். அந்தக் காட்சியில் நானும் லாத்தாவும் கடலை கொறித்துக்கொண்டு, அவன் எப்போது மறுபடி வருவான் என்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

முதலாளி போனை வைத்துவிட்டு, பிரஷர் பார்க்கிற ஸ்டூலை இழுத்துப் போட்டு மேஸ்திரியை உட்காரச் சொன்னார். மேஸ்திரி அந்தக் காட்சியைப் பார்க்க வேண்டும் என்றார். வேண்டாமே என்று லாத்தா தயங்கினார். அவர் விடவில்லை. காய்ந்த சேறு ஒட்டிய காலை மடித்து உட்கார்ந்து, முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் பார்த்தார். முடிந்ததும் சிரித்தார். வருத்தச் சிரிப்பு இல்லை, நிஜமாகவே சிரித்தார்.

"எங்க அத்தை இப்படி இல்லீங்க. அழவே மாட்டாங்க. ஊரையே திட்டுவாங்க."

தன் சுரைக்கொடியை மேய்ந்த எருமையை அத்தை மூன்று நாள் பிடித்துக் கட்டி வைத்துக்கொண்டு, எருமைக்காரனை வந்து மன்னிப்புக் கேட்க வைத்தாராம், தன்னிடம் இல்லை, சுரைக்கொடியிடம். வாசலுக்கு ஓட்டுக் கேட்க வந்தவர்களைத் தண்ணீர் இறைக்க வைத்தாராம். சொல்லச்சொல்ல, முதலில் லாத்தா சிரித்தார், பிறகு நான், பிறகு எல்லோரும். டீச்சர் எப்போது வந்து நின்றார் என்றே தெரியவில்லை, அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அந்த அம்மா பெயர் என்ன என்று கேட்டது முதலாளிதான். மேஸ்திரி சொன்னார். எங்கள் வாய்க்கு அது சரியாக வரவில்லை. அவர் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுக்க, எல்லோரும் ஒரு தடவை சொல்லிப் பார்த்தோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை முதலாளி எட்டுப் பாகத்தையும் ஒரே மூச்சில் பார்த்திருக்கிறார். திங்கட்கிழமை மீசை இல்லாமல் வந்தார். தனக்கு அவருடைய தம்பியைக் கட்டிக்கொண்ட மாதிரி இருக்கிறது என்று அவர் வீட்டம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். எங்களை முதலாளி ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. அவருடைய கோபமெல்லாம் தொடர் எடுத்தவர்கள் மேல்தான். டானிக்கைக் கொண்டுபோய்க் குளிர்பெட்டியில் வைக்கிறான், வெளியில் வைக்க வேண்டிய மருந்து அது, ஒரு கம்பவுண்டரைக் கேட்டு எடுத்திருக்க வேண்டாமா என்று நாள் முழுக்கப் புலம்பினார். மீசை எடுத்த முகத்தைப் பார்க்க இன்னும் பத்து நாள் கூட்டம் வந்தது.

ஐப்பசி மழைக்கு முன்னால் நடவு முடிந்தது. குழு கிளம்புவதற்கு முதல் நாள் மேஸ்திரி கைகால் வலிக்குத் தைலம் வாங்க வந்தார். லாத்தா தைலத்தை எடுத்து வைத்துக்கொண்டு, இன்னொரு அத்தை கதை சொன்னால்தான் தருவேன் என்றார். அவர் யோசிக்கவே இல்லை. அத்தை ஒரு ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏறினாராம். ஆட்டுக்கும் டிக்கெட் எடு என்று கண்டக்டர் சொல்ல, அத்தை குட்டியை அவர் மடியில் உட்கார வைத்து, அப்படியானால் நீ எழுந்து அதற்கு சீட்டைக் கொடு என்றாராம். நாங்கள் எல்லோரும் சிரித்து முடிக்கும்வரை, மருந்துச் சீட்டை நீட்டியபடி மூன்று பேர் வெளியே காத்துக்கொண்டு நின்றார்கள்.