இடது பக்கம் கேட்கவில்லை

எண்பதுகளின் தொடக்கம். நாட்டின் தலைநகரில், மோதி பாக் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் அண்ணன், அண்ணியுடன் இருந்தேன். அண்ணன் செக்‌ஷன் ஆபீசர். நான் வேறொரு அலுவலகத்தில் டைப்பிஸ்ட். சிங்கப்பூர் போய்வந்த நண்பர் மூலம் அண்ணன் ஒரு ஸ்டீரியோ டேப்ரிக்கார்டர் வாங்கியிருந்தார். ஆபீஸ் விட்டு வந்ததும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அவர் இல்லாத நேரத்தில் நானும் அதைத் தொடுவேன் என்பது அவருக்குத் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹெட்போனைக் கழற்றிக் கட்டிலில் வீசினார்.

“இடது பக்கம் செத்துப்போச்சு. நீ என்னல செஞ்ச?”

“நான் ஒண்ணும் செய்யலண்ணே.”

“பொய் சொல்லாத.”

பொத்தானை மோனோவுக்குத் தள்ளிப் பார்த்தார். மோனோவில் இரண்டு பக்கமும் ஒரே சத்தம் வந்தாக வேண்டும். வரவில்லை என்றார். அதன்பின் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. “அவனைச் சாப்பிடச் சொல்லு” என்று அண்ணியிடம்தான் சொல்வார்.

சனிக்கிழமை இருவரும் செட்டைத் தூக்கிக்கொண்டு ஒரு ரிப்பேர் கடைக்குப் போனோம். கடைக்கார சர்தார்ஜி ஹெட்போனை மாட்டிக் கேட்டார்.

“தோனோ தரஃப் டீக் ஹை, சாஹப்.”

இரண்டு பக்கமும் சரியாக இருக்கிறதாம். அண்ணன் அவரோடு சண்டைக்குப் போனார். நான் வாங்கி மாட்டிக்கொண்டேன். இடது காதில் வயலின், வலது காதில் மிருதங்கம். சுத்தமாகக் கேட்டது.

“அண்ணே, இதை இடது வலது மாத்தி மாட்டிப் பாருங்க.”

மாட்டினார். பழுது ஹெட்போனில் என்றால் இப்போது வலது காதில்தான் கேட்காமல் போயிருக்க வேண்டும். அவர் கை மெல்ல இடது காதுக்குப் போய் அங்கேயே நின்றது.

ஒரு வருஷமாகவே ஆபீஸ் போனை வலது காதில்தான் வைத்துக்கொள்வதாக டாக்டரிடம் ஒப்புக்கொண்டார். லைன் சரியில்லை என்று நினைத்தாராம். காது நரம்பில் கட்டி. மூளையை அழுத்தத் தொடங்கியிருந்தது.

ஆபரேஷனுக்கு ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போனபோது கூடவே நடந்தேன்.

“ஏல, அன்னைக்கு உன்னைச் சந்தேகப்பட்டுட்டேன். மனசுல வச்சிருக்கியா?”

“இல்லண்ணே, அப்பவே மறந்துட்டேன்.”

அவர் கூரையைப் பார்த்தபடி, பதிலுக்குக் காத்திருக்கும் முகத்தோடு கிடந்தார். நான் நடந்தது அவருடைய இடது பக்கம். சுற்றிக்கொண்டு மறுபக்கம் வருவதற்குள் கதவு மூடிவிட்டது.

அவருக்கு நினைவு திரும்பவேயில்லை. நான்காம் நாள் எல்லாம் முடிந்தது. சில மாதங்களில் அண்ணி குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுத் திருநெல்வேலிக்குப் போனார். அவரை ரயிலேற்றிவிட்டு, ஒரு மொட்டைமாடி அறைக்கு நான் தனியாகக் குடிபோனேன்.