மில்லுச் சுவருக்கு வெள்ளையடிச்ச கதை

மேடை இல்லாம நாடகம் போடுறதுங்கறது, கூப்பிடாத வீட்டுக்குள்ள போய் நாமே இலை போட்டு உக்கார்ற வேலை. அந்த வேலையைச் செஞ்சு அவமானப்பட்டவங்க யாராவது இதைப் படிச்சா, வாங்க, பக்கத்துல உக்காருங்க. நானும் உங்க கோஷ்டிதான்.

என் பேர் கௌசல்யா. கண்டாச்சிபுரத்துலேர்ந்து தினம் பஸ்ஸேறி விழுப்புரத்துக்கு வந்து எம்.ஏ. தமிழ் படிச்சேன். கடைசி செமஸ்டர்ல எங்க சார் ஆறு பேரை ஒரு குழுவாக்கி, "ஒரு பேப்பருக்குப் பரீட்சை கிடையாது, நாடகம் போடுங்க. ஆனா ஹாலுக்குள்ள வேணாம். ஒரு இடத்தைப் புடிங்க. அந்த இடத்துல என்ன இருக்கோ அதுலேர்ந்தே நாடகத்தை எடுங்க"ன்னார். கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. என்னைக் குழுத் தலைவின்னு வேற போட்டுட்டார். வினை அங்க ஆரம்பிச்சது.

வேடிக்கை பாக்குற படிப்பு

முதல் ரெண்டு வாரம் இடம் தேடினோம். விழுப்புரம் ஜங்ஷன் வாசல், மார்க்கெட், ஷேர் ஆட்டோ நிக்கிற முக்கு. எங்க போனாலும் ஆறு பேரும் ஆளுக்கொரு நோட்டை வச்சிக்கிட்டு, எதிர்ல இருக்கிறவங்களைப் பாத்துப் பாத்து எழுதுவோம். யாரு எப்படி நடக்குறாங்க, பையை எந்தத் தோள்ல மாட்டுறாங்க, இப்படி. சென்சஸ் எடுக்க வந்த கும்பல்னு சில பேர் ரேஷன் கார்டோட வந்து நின்னாங்க.

பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு டீக்கடை. மூணு நாளா அவர் கடை முன்னாடியே நிக்கிறோம்னு மாஸ்டர் பொறுத்துப் பொறுத்துப் பாத்தார். நாலாம் நாள் கூப்பிட்டு விசாரிச்சார். விவரமா சொன்னேன். டீயை ஆத்திக்கிட்டே முழுசும் கேட்டுட்டு, "வேடிக்க பாக்குறதுக்குக் கூட காலேஜ்ல பாடம் வச்சிக்கிறாங்களா? இங்க நின்னுக்கினு கீறவன் எல்லாம் பி.எச்டி. தான்மா"ன்னார்.

ஆளில்லாத மில்லு

எங்க குழுவுல அமுதா திண்டிவனத்துப் பொண்ணு. அவ தெருவுக்குப் பின்னாடி மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, உடைக்கிற மில்லு ஒண்ணு பல வருசமா மூடிக் கிடந்தது. அந்தத் தெருப் பொம்பளைங்க பாதிப் பேர் ஒரு காலத்துல அங்க வேலை பாத்தவங்க. மிஷின் உடைச்சுத் தள்ளுற பருப்புல சொத்தை, கல்லு, தோலைப் பொறுக்கிப் பிரிக்கிற வேலை. ஓனர் மெட்ராஸ்ல இருந்தார். போன்லயே சரின்னுட்டார்.

உள்ள மிஷின் எதுவும் மிச்சமில்ல. நீளமான கொட்டகை, மேற்கால ஒரு பெரிய கதவு, எதிர்ல ஒரு சுவர். தரையில மல்லாட்டைத் தோலு கணுக்கால் வரைக்கும். எனக்குப் பாத்தவுடனே பிடிச்சுப் போச்சு. வாட்ச்மேன் ஏழுமலை அண்ணன் சாவியைக் குடுக்குறதுக்கு முன்னாடி, "என்னா நாடகம்? கதையைச் சொல்லுங்க"ன்னு கேட்டார். கதை இனிமேதான் வரும், இங்கேர்ந்தேதான் வரும்னு சொன்னேன். சாவியை உள்ளங்கையில வச்சு உருட்டிக்கிட்டே சொன்னார்: "கதையே இல்லாம நாடகம் போட வந்துக்கிறீங்க. ஆளே இல்லாத மில்லுக்கு நல்ல பொருத்தந்தான்."

வெள்ளை

இதை எழுதவே கை கூசுது. ஆனா நான் செஞ்சதை நான்தானே சொல்லணும்.

அந்த எதிர்ச் சுவர்ல கரிக்கோடு கோடா இருந்தது. ஒரு முழ நீளத்துக்குள்ள, ஒண்ணுக்கு மேல ஒண்ணு, குறுக்கும் நெடுக்குமா அம்பது அறுபது இருக்கும். அதுல ஒண்ணு மட்டும் நேத்துப் போட்ட மாதிரி கன்னங்கரேல்னு இருந்துச்சு. எல்லாத்துக்கும் நடுவுல கொட்டகை நீளத்துக்கு ஒரு சிவப்பு பெயின்ட் கோடு. யாரோ கிறுக்கி வச்சிருக்காங்கன்னு நினைச்சேன். என் கண்ணு வேற எங்கயோ இருந்தது. சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல மேற்குக் கதவு வழியா வெயில் நேரா அந்தச் சுவர்ல வந்து விழும். சுவர் மட்டும் வெள்ளையா இருந்தா எங்க நிழலெல்லாம் ஆளுயரத்துக்கு மேல எழும்பி நிக்கும். லைட்டு வாடகைக்கு எடுக்காமலே லைட்டிங்! என் மூளையை நானே மெச்சிக்கிட்டேன்.

எங்க குழுவுல தமிழரசன், எங்களுக்குத் தமிழ், அவனுக்குச் சுண்ணாம்பு அடிக்கத் தெரியும். ஞாயித்துக்கிழமை காலையில ஆரம்பிச்சு மத்தியானத்துக்குள்ள முடிச்சிட்டோம். கரி ஒரே பூச்சுல போச்சு. சிவப்பு கோடு மட்டும் அடங்க மாட்டேன்னு மூணு பூச்சு வாங்குச்சு. தோலையெல்லாம் வாரி வெளிய கொட்டினோம். காலையில சாவியைக் குடுத்துட்டு வீட்டுக்குப் போன ஏழுமலை அண்ணன் சாப்ட்டு வந்து கதவுலயே நின்னுட்டார். அப்புறம், "ஏம்மா, ஒரு ஓரமாச்சும் உட்டுட்டு அடிச்சிருக்கக் கூடாதா?"ன்னார்.

அஞ்சலையம்மா வந்தாங்க

மறுவாரம், மில்லுல வேலை பாத்த கதையைக் கேக்குறதுக்காக அமுதா பக்கத்து வீட்டு அஞ்சலையம்மாவைக் கூட்டிட்டு வந்தா. ஐம்பதைத் தாண்டினவங்க. கொட்டகைக்குள்ள கால் வச்சதும் எங்களைப் பாக்கல, சுவரைத்தான் பாத்தாங்க. அப்படியே தரையில உக்காந்துட்டாங்க. தண்ணி குடுத்தோம். கொஞ்சம் கொஞ்சமா அவங்களே சொன்னாங்க.

சிவப்பு கோடு மேஸ்திரி போட்டது. கூட்டிட்டு வர்ற பிள்ளைங்க தலை அந்தக் கோட்டைத் தொட்டா உள்ள வந்து அம்மா பக்கத்துல உக்காந்து பொறுக்கலாம். தொடலைன்னா வெளிய, வெயில்ல. மரம் மட்டையெல்லாம் அப்ப கிடையாது. அதனால அம்மாங்க ஒவ்வொரு சீசன் ஆரம்பத்துலயும் பிள்ளையைச் சுவத்துல சாத்தி நிக்க வச்சு, தலைக்கு நேரா கரியால ஒரு கோடு இழுப்பாங்க. அஞ்சலையம்மா பொண்ணு செல்வி. ஆறு முடிஞ்சு ஏழு நடந்துக்கிட்டிருந்தப்போ ஜுரத்துல போயிட்டா. "கோட்டைத் தொட்டுட்டா எங்கூட நெழல்ல குந்துமேன்னு பாத்தேன். தொடவே இல்ல"ன்னாங்க. வீட்டுல பிள்ளையோட போட்டோ ஒண்ணு கூட இல்லையாம். அந்தக் கரிக்கோடுதான். மில்லு மூடின பிறகும் வருசத்துக்கு ஒரு நாள் ஏழுமலை அண்ணன்கிட்ட சொல்லி உள்ள வந்து, கோடு அழிஞ்சிடாம அதுமேலயே மறுபடி கரி இழுத்துட்டுப் போவாங்களாம்.

கன்னங்கரேல்னு இருந்த அந்த ஒண்ணு.

திட்டுவாங்க, மண்ணை வாரித் தூத்துவாங்கன்னு நின்னேன். திட்டியிருந்தா பொழைச்சிருப்பேன். எந்திரிச்சுப் போய் சுவத்தைத் தடவினாங்க. உள்ளங்கையில சுண்ணாம்பு ஒட்டுச்சு. அதைப் புடவையில தொடைச்சிக்கிட்டே, "நல்லா வெள்ளையா அடிச்சிக்கிறீங்க பாப்பா"ன்னுட்டு போயிட்டாங்க.

ஆறு போனு

போட்டோ இருக்குமேன்னு நீங்க கேப்பீங்க. நாங்களும் அப்படித்தான் பாஞ்சோம். ஆறு போனு. முதல் நாள் மில்லுக்குள்ள எடுத்தது மட்டும் நானூறு படமாவது இருக்கும். எல்லாத்துலயும் நாங்க. நான் சிரிக்கிறேன், தமிழ் குதிக்கிறான், அமுதா தோலை அள்ளி வீசுறா. சுவர் எங்க தலைக்குப் பின்னாடி மங்கலா நிக்குது. ஒரு படத்துல கூட அந்தக் கோடு இல்ல. இடத்தைக் கவனிக்கப் போன லட்சணம் இது.

தேங்காய் நாரை நனைச்சு சுண்ணாம்பைத் தேய்ச்சுப் பாத்தோம். கரியும் சேந்து கரைஞ்சு ஓடிடுச்சு. தேய்க்கத் தேய்க்க மேஸ்திரியோட சிவப்பு கோடுதான் ஜம்முனு வெளிய வந்தது. தமிழ் நாரைத் தூக்கி எறிஞ்சிட்டு சுவத்தோரமா உக்காந்து அழுதான். எனக்கு அந்தக் கோட்டைப் பாக்கவே பொறுக்கல. அதுமேல ஒரு பூச்சு அடிக்கச் சொன்னேன். அப்பவும் லேசா ரோஸ் நிறத்துல தெரிஞ்சிக்கிட்டுதான் இருந்தது.

அப்பதான் எனக்கு இன்னொரு புத்தி வந்தது. புத்தியா அது? "நாமளே கரியால அம்பது கோடு இழுத்துடலாம், பழைய மாதிரியே இருக்கும்"ன்னேன். அமுதா மூணு மாசத்துல ஒரு தடவை கூட என்னை எதிர்த்துப் பேசினதில்ல. அன்னிக்குப் பேசினா: "நீ இழுத்தா அது செட்டு, கௌசி. அவங்களுக்கு வேண்டியது அவங்க பொண்ணு."

மன்னிப்பு கேக்கப் போனது

திண்டிவனம் போற பஸ்ல முழுக்க வாக்கியத்தை மனப்பாடம் பண்ணிக்கிட்டுப் போனேன். நடிக்கிறவ இல்லையா? வாசல்ல நின்னதும் ஒரு வார்த்தை கூட வரல. அஞ்சலையம்மா வேக வச்ச மல்லாட்டையைத் தட்டுல போட்டு எங்கிட்ட நீட்டினாங்க. அதைக் கையில வச்சிக்கிட்டு ஓன்னு அழுதேன். அவங்க சமாதானமும் சொல்லல, விரட்டவும் இல்ல. நான் அழுது முடிக்கிற வரைக்கும் தோலை உரிச்சிக்கிட்டிருந்தாங்க.

நாடகத்தை நிறுத்திடுறோம்னு சொன்னேன். நிறுத்தினா மட்டும் கோடு வந்துடுமான்னு கேட்டாங்க. போட்டா, நாங்க செஞ்ச தப்பைச் சொல்லித்தான் ஆரம்பிப்போம், உங்களைக் கேக்காம செல்வி பேரைச் சொல்ல மாட்டோம்னேன். வர்றேன்னும் சொல்லல, வரலைன்னும் சொல்லல. நான் செருப்பு மாட்டும்போது மட்டும் கூப்பிட்டு, "பேரைச் சொல்லுங்க பாப்பா. அவ பேரை வெளியாளு வாயால கேட்டு எவ்ளோ வருசமாவுது"ன்னாங்க.

அஞ்சு மணி வெயில்

நாடகத்தன்னிக்கு முப்பது பொம்பளைங்களாவது வந்திருப்பாங்க. எல்லாரும் அந்தக் கொட்டகையில பொறுக்கினவங்க. சில பேர் பிள்ளைங்களோட வந்தாங்க. பிள்ளைங்கன்னா, மீசை வச்ச பிள்ளைங்க. காக்கிச் சட்டை போட்ட பஸ் டிரைவர் ஒருத்தர் கூட இருந்தார். அஞ்சலையம்மா கடைசியா வந்து கதவோரமா நின்னாங்க.

நான் சுவருக்கு முன்னாடி போய் நின்னு, வேஷம் எதுவும் இல்லாம, என் பேரைச் சொன்னேன். இங்க என்ன இருந்தது, அதை யாரு அழிச்சான்னு சொன்னேன். "இந்தச் சுவத்துல செல்வின்னு ஒரு பொண்ணோட உயரம் இருந்தது"ன்னு சொன்னேன். ஒரு கரித்துண்டைத் தரையில வச்சிட்டு ஒதுங்கினேன். யாராவது வந்து எடுப்பாங்களான்னு எங்களுக்கு நிஜமாவே தெரியாது. ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம். யாரும் அசையல. என் நிழல் மட்டும் சுவத்துல பிரம்மாண்டமா நின்னுச்சு. சீ, இதுக்கா அடிச்சேன்னு இருந்தது.

அப்புறம் அஞ்சலையம்மா நடந்து வந்து கரித்துண்டை எடுத்தாங்க. சுவர்கிட்ட வந்ததும் செருப்பைக் கழட்டி ஓரமா வச்சாங்க. "அப்ப ஏது செருப்பு"ன்னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டாங்க. முதுகை நிமித்தி சுவத்தை ஒட்டி நின்னு, நெஞ்சுக்குழியில ஒரு விரலை வச்சாங்க. "ஓடியாந்து கட்டிக்கினான்னா தலை இங்கதான் இடிக்கும்"ன்னாங்க. விரலை அப்படியே சுவத்துக்கு நகத்தி, அந்த இடத்துல கரியால ஒரு கோடு இழுத்தாங்க. லேசா தெரிஞ்ச சிவப்புக்கு ரெண்டு விரக்கடை கீழ.

அதுக்கப்புறம் யாரும் யாரையும் கூப்பிடல. ஒருத்தங்க இடுப்புல கை வச்சு அளந்தாங்க, ஒருத்தங்க முழங்கையில. டிரைவரோட அம்மா அவரை இழுத்துட்டுப் போய், "இவ்ளோதான்டா இருந்த"ன்னு அவர் தொடைகிட்ட கோடு போட்டாங்க. அவர் தொப்பியைக் கையில வச்சிக்கிட்டு குனிஞ்சு அதையே பாத்துட்டு நின்னார். நாங்க ஒத்திகை பாத்து வச்சிருந்த அஞ்சு சீனும் அப்படியே கிடந்தது. தமிழ் என் காதுல, "அடுத்த சீன் எப்ப?"ன்னான். வாயை மூடுன்னேன்.

வெயில் இறங்கினப்போ சுவர்ல பாதி நிறைஞ்சிருந்தது. எல்லாரும் கிளம்பினாங்க. அஞ்சலையம்மா மட்டும் போகல. செல்வி கோட்டையும் அதுக்கு மேல தெரிஞ்ச சிவப்பையும் மாத்தி மாத்திப் பாத்துக்கிட்டு இருந்தாங்க. அப்புறம் தமிழைக் கூப்பிட்டு, கரி புடிச்ச விரலால காட்டிச் சொன்னாங்க: "தம்பி, மேஸ்திரி கோடு இன்னும் தெரியுது பாரு. அதுமேல மட்டும் நல்லா கெட்டியா இன்னொரு வாட்டி சுண்ணாம்பு அடிச்சி உட்டுடு."

சார் எங்களுக்கு நல்ல மார்க்குதான் போட்டார். மூணு மாசத்துல நாங்க உருப்படியா செஞ்சது ஒரு கரித்துண்டைத் தரையில வச்சதும், ஒரு கோட்டுக்கு அஞ்சாவது பூச்சு அடிச்சதும் மட்டுந்தான்.