பின்னாலயே வருது

வடாலா மோனோரயில் பிளாட்பாரத்தில் அன்று அம்மா இருந்தாள், பட்டுப்புடவையில் அக்கா இருந்தாள், தாய்மாமா இருந்தார், நான் இருந்தேன். அப்பா இல்லை, அவர் காலமாகி மூன்று வருடம் ஆகியிருந்தது. மாமாவின் மனைவி, அத்தையும் இல்லை. முழங்கால் வலியோடு, வெற்றிலைத் தாம்பாளத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அவள் இன்னும் படியேறிக்கொண்டிருந்தாள். வண்டி வந்து கதவு திறந்தது. மாமா கையை நீட்டி எங்களைத் தடுத்தார். "விடுங்க. பின்னாலயே அடுத்தது வருதுல்லா."

செம்பூரில் ஒரு மண்டபத்தில் அக்காவுக்கு நிச்சயம். ஞாயிற்றுக்கிழமை என்பதால் நாலரைக்கு ராகு காலம். அதற்குள் தட்டு மாற்றியாக வேண்டும். அப்பா இடத்தில் நின்று தட்டை நீட்ட வேண்டியவர் மாமா. ஹார்பர் லைனில் அன்று மெகா பிளாக், பராமரிப்பு வேலைக்காக லோக்கல் ரயிலை நிறுத்தியிருந்தார்கள். அதனால்தான் எங்களில் யாரும் அதுவரை ஏறியிராத மோனோரயில்.

மாமா தினமும் சயானில் லோக்கல் ஏறித் தாதர் கடைக்குப் போய் வந்தவர். அங்கே ஒரு வண்டியின் கடைசிப் பெட்டி மறைவதற்குள் அடுத்ததன் விளக்கு தெரியும். நாங்கள் குடியிருந்த தாராவியில் தண்ணீர்கூட நேரம் பார்த்துத்தான் வரும். ரயில் மட்டும் அப்படியில்லை என்று நம்பியே அவர் ஆயுசு போயிருந்தது. ஒரு பாதையில் எத்தனை நிமிடத்துக்கு ஒரு வண்டி விடலாம் என்பது, ஓட எத்தனை வண்டி இருக்கிறது, கடைசி ஸ்டேஷன்வரை போய்த் திரும்ப எவ்வளவு நேரமாகிறது என்பதையெல்லாம் பொறுத்தது என்று பிறகு டிப்ளமோவில் படித்தேன். அந்தப் பாதையில் ஓடியவை சில வண்டிகளே. அன்று எங்களுக்கு அது தெரியாது.

அத்தை மூச்சிரைக்க மேலே வந்தபோது பிளாட்பாரம் காலியாக இருந்தது. காவலாளியிடம் இந்தியில் கேட்டேன். அடுத்த வண்டி அரை மணி கழித்து என்றார்.

"எனக்காவா விட்டிய? நான் விடச் சொன்னனா?" என்றாள் அத்தை.

"டாக்ஸி பிடிப்பமாண்ணே?" என்று அம்மா கேட்டாள்.

"அஞ்சு பேருக்கு ரெண்டு டாக்ஸி வேணும். எறங்கிப் பிடிக்கதுக்குள்ள இது வந்துரும்."

கொஞ்ச நேரம் கழித்து அம்மா மறுபடி கேட்டாள். இவ்வளவு நேரம் நின்றாயிற்று, இப்போது இறங்கினால் வீண் என்றார் மாமா. அக்கா அவர் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "மாமா, இது சயான் இல்ல." மாமா பிளாட்பார விளிம்புக்குப் போய் எட்டிப் பார்த்துவிட்டு வருவதும், மறுபடி போவதுமாக இருந்தார். அத்தை தாம்பாளத்தைக் கீழே வைக்கவே இல்லை.

மண்டபத்தில் நாங்கள் நுழைந்தபோது நாலரை தாண்டியிருந்தது. மாப்பிள்ளையின் அப்பா கடிகாரத்தைப் பார்த்தார், எங்களைப் பார்க்கவில்லை. "ஆரம்பமே இப்படின்னா யோசிக்கணும்" என்று மாப்பிள்ளையின் பெரியம்மா எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். ஐந்து மணிக்கு மண்டபத்தைக் காலி செய்ய வேண்டும். அதற்கு மேல் சாயந்திர வேளைக்குத் தனி வாடகை. சிலர் செருப்பைத் தேட ஆரம்பித்திருந்தார்கள். அக்கா குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

மாமா சபை நடுவில் போய் நின்றார். "தப்பு என்னோடது. பிள்ளை மேல ஒண்ணுமில்ல. ஆறு மணிக்கு மேல தட்ட மாத்துவோம், மண்டபம் என் பொறுப்பு." பதிலுக்குக் காத்திராமல் மேனேஜரின் அறைக்குள் போய்விட்டார். மாப்பிள்ளையின் அப்பா அந்த அறைப் பக்கம் பார்த்துவிட்டு, "காப்பி சொல்லுங்க" என்றார். அப்போதுதான் அம்மா உட்கார்ந்தாள். மண்டபத்துக்கு எவ்வளவு கொடுத்தார் என்று மாமா யாரிடமும் சொல்லவில்லை. அத்தை கேட்டுக் கேட்டு அலுத்துப்போனாள்.

போன மாதம் மாமாவையும் அத்தையையும் தாராவி மெட்ரோவுக்கு அழைத்துப் போனேன். அடுத்த வண்டிக்கு எத்தனை நிமிடம் என்று பலகையே காட்டுகிறது. வண்டி வந்து கதவு திறந்தது. அத்தை முழங்காலைப் பிடித்தபடி பெஞ்சில் இருந்தாள். "செத்த இருங்க, அடுத்ததுல போவோம். ஒரு வண்டிய விட்டா என்ன ஆயிரும்?"

மாமா அவள் கையைப் பிடித்து எழுப்பி உள்ளே ஏற்றினார். கதவு மூடிய பிறகு சொன்னார்:

"எட்டாயிரத்து ஐநூறு."