டாப் கியர் இல்லாத மூன்று நாள்

என் தங்கை கார் மெக்கானிக். ஒன்பது வருடமாகச் சொந்தப் பட்டறை வைத்திருக்கிறாள். அவள் மாட்டிய நட்டு எதுவும் இதுவரை தானாகக் கழன்றதில்லை.

சிக்னலில் பேருந்துகூடத் தன்னை முந்துகிறது என்று என் கணவர் அவளிடம் போனார். பின் அச்சில் பந்தயக்காரர்கள் போடும் பல்சக்கரத்தைப் போட வேண்டுமாம். தினமும் என்னையும் ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் நாற்பது கிலோமீட்டர் வேலைக்குப் போகிற கார் அது.

"போட்டா சீறிக்கிட்டுக் கிளம்பும் அத்தான். ஆனா ஓடுற நேரமெல்லாம் எஞ்சின் கத்தும்."

"கத்தட்டுமே."

"அப்போ மாட்டுறதுக்கு முன்னாடி ஒரு வாரம் டாப் கியரே போடாதீங்க. மூணாவதுலயே போயிட்டு வாங்க. அந்தச் சத்தந்தான் வரும்."

மூன்றாம் நாள் மாலை, காருக்குள் கத்திக் கத்திப் பேசியதில் எங்கள் இருவருக்கும் தொண்டை கட்டியிருந்தது. கணவர் வண்டியை நேராகப் பட்டறைக்கு விட்டார்.

"போட்டுடலாமா அத்தான்?"

"கொஞ்சம் சாதுவானது இருக்காம்மா?"

பழையதற்கும் பந்தயத்துக்கும் நடுவில் ஒன்றை எடுத்து, பல்லை இரண்டு முறை எண்ணிப் பார்த்து மாட்டினாள். பேருந்து இப்போது பின்னால்தான் வருகிறது. காரில் நான் சொல்வதெல்லாம் கணவருக்குத் தெளிவாகக் கேட்கிறது. அதற்கு ஏதாவது வழி உண்டா என்று அவளிடம் கேட்டிருக்கிறார்.