கேண்டீனுக்குப் பக்கத்து அறை

அம்மாவுக்குப் பொய் சொல்ல வராது. அதனால் பேராசிரியையான தன் மகளுக்கு என்ன ஆராய்ச்சி என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டபோது பாதி உண்மையைச் சொல்லிச் சமாளித்தாள்: “ஏதோ நீந்துறதப் பத்தி.”

மறுநாள் காலை அந்தப் பக்கத்து வீட்டுக்காரி தன் மகளை நீச்சல் உடையும் கண்ணாடியுமாக அழைத்துவந்து வாசலில் நிறுத்திவிட்டாள்.

பேராசிரியைக்கு முழங்கால் தண்ணீரே பயம். அவர் மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது விந்தணுக்கள் நீந்துவதை. எது நேராகப் போகிறது, எது ஒரே இடத்தில் சுற்றுகிறது, எது சும்மா கிடக்கிறது என்று பார்த்தே பேர் வாங்கியவர். வீட்டில் அந்தச் சொல்லை யாரும் உச்சரித்ததில்லை. அண்ணன் இன்னும் மோசம். தங்கை கட்டுரை பேப்பரில் வந்தால் அந்தப் பக்கத்தை மட்டும் உருவி, மடித்து, மேஜைக்கு முட்டுக் கொடுத்துவிடுவார்.

அந்த அண்ணனைத்தான் ஒருநாள் தான் வேலை பார்க்கும் மருத்துவமனையின் குழந்தையின்மைப் பிரிவில் பார்த்தார். நடைவழியில், தூணுக்குப் பின்னால், வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு நின்றிருந்தார். தூண் ஒல்லி. அண்ணன் அப்படியில்லை.

“அண்ணா, இங்க என்ன பண்ற?”

“சும்மா. உன்னப் பாத்துட்டுப் போலாம்னு.”

“கையில என்ன?”

“டப்பா. காலி டப்பா.”

அதே நேரம் ஒலிபெருக்கி அண்ணனின் முழுப் பெயரையும் அப்பா பெயரோடு சேர்த்துச் சொல்லி, சாம்பிள் கொடுக்க வரச்சொன்னது. அந்த அறை கேண்டீனை ஒட்டி இருந்தது. டீக்கு நின்ற வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. அண்ணன் டப்பாவைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, நிதானமாகப் போய் ஒரு டீ வாங்கினார். குடித்தார். வீட்டுக்குப் போய்விட்டார்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த அண்ணி தலையில் கைவைத்துக்கொண்டாள். “இதோட நாலாவது டீ. ஊசி வலியெல்லாம் தாங்கிக்கிறேன். இந்த டீயத்தான் தாங்க முடியல.”

பேராசிரியைக்கு அன்று மைக்ரோஸ்கோப்பில் மனம் ஒட்டவில்லை. பாதியில் சிகிச்சையை விட்டவர்களுக்கெல்லாம் உடம்பில் காரணம் தேடிக்கொண்டிருந்தோமே, எத்தனை பேர் டீ குடித்துவிட்டுப் போனார்களோ! நேரே துறைத்தலைவரிடம் போனார். காத்திருப்பவர்களின் நல்வாழ்வைப் பற்றி ஆராயப் போவதாகச் சொன்னார்.

“உங்க வேலை விந்தணு. அது எந்த நாற்காலியில உக்காந்தா உங்களுக்கென்னம்மா?”

“அது உக்காராது சார். அதச் சுமந்துட்டு வர்றவர் உக்காருவார்.”

குழு அமைந்தது. பொருளாதாரப் பேராசிரியர் நல்வாழ்வை அளக்க வேண்டும் என்றார். உளவியல் அம்மாள், அளந்தால் ஓடிவிடும் என்றார். கட்டடக்கலைஞர் எதற்கும், “ஜன்னல் எங்கே?” என்று கேட்டார். நல்வாழ்வு என்றால் என்ன என்று முடிவாவதற்குள் மூவருக்குள்ளும் பேச்சுவார்த்தை நின்றுபோனது. பேராசிரியைக்கு நெஞ்செரிச்சல் வந்தது. கடைசியில் எல்லோரையும் இழுத்துக்கொண்டுபோய் அந்த நடைவழியில் உட்காரவைத்தார். ஒலிபெருக்கி இரண்டு முறை கத்தியதும் மூவரும் ஒரே குரலில், “முதல்ல இத நிறுத்தச் சொல்லுங்க” என்றார்கள்.

பெயருக்குப் பதில் டோக்கன் வந்தது. சாம்பிள் அறை தோட்டத்துப் பக்கம் தனி வாசலோடு போனது. விட்டுப்போன ஆண்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். பிறகு நடந்த ஒரு மருத்துவ மாநாட்டில் துறைத்தலைவர், இது தன் நெடுநாள் கனவு என்று கண் கலங்கினார். கேண்டீன்காரர் மட்டும், டீ வியாபாரம் படுத்துவிட்டது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அண்ணனும் வந்தார். ஆனால் குழந்தை வரவில்லை. மூன்று வருடம் பார்த்துவிட்டு இருவரும் நிறுத்திக்கொண்டார்கள். ஆறுதல் சொல்ல வார்த்தை தேடிக்கொண்டு பேராசிரியை அவர்கள் வீட்டுக்குப் போனார். அண்ணி பெருங்காயம் வறுத்துக்கொண்டே, “அழுதோம். நல்லா அழுதோம். அப்புறம் தூங்கினோம். நிறுத்தினவங்க என்ன ஆனாங்கன்னு உங்க ஆளுங்க யாராச்சும் கேட்டிருக்காங்களா?” என்றாள்.

யாரும் கேட்டிருக்கவில்லை. அதுவே அவரது அடுத்த ஆராய்ச்சியானது.

முதல் பேட்டி அண்ணனோடு. இரண்டு வார்த்தையில் எழுந்து போய்விடுவார் என்றுதான் நினைத்தார். அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு கல்யாண நாளிலிருந்து ஆரம்பித்தார். நடுவில் பேச வந்த அண்ணியை, “இரு, நான் சொல்றேன்” என்று கையமர்த்தினார். வெயில் சாய்ந்தது. பேராசிரியை ரெக்கார்டரை அணைக்கப் போனார்.

“ஏன் நிறுத்துற? இன்னும் ஊசி போட்ட கதைக்கே வரலியே!”

அண்ணி சிரித்துக்கொண்டே விளக்கைப் போட்டாள்.