யன்னலைச் சாத்திப்போட்டு எழுதின கிணத்துச் சட்டம்

அருளம்பலம் எனக்கு அடுத்த வேலிக்காரன். சண்டிலிப்பாயிலை பிறந்து, சண்டிலிப்பாயிலை கலியாணம் கட்டி, கச்சேரிக் கந்தோரிலை கிளாக்கரா இருந்து பென்சன் எடுத்த மனிசன். என்னிலும் ஆறு வயசு இளமை. கதையைக் கேட்டால் என்ரை பூட்டன் எழும்பி வந்து புத்தி சொல்லுற மாதிரி இருக்கும். நல்ல மனிசன்தான். ஆனால் தான் நல்ல மனிசன் எண்டது தனக்குத் தெரிஞ்சு போச்சு, அதுதான் வருத்தம்.

எங்கடை தோட்டங்களுக்கு ஒரு பங்குக் கிணறு. ஆறு பங்காளியள். ஆறு நாளைக்கு ஒருக்கா ஆளாளுக்கு இறைப்பு முறை வரும், சில நாளிலை ஒருத்தருக்குப் பின்னாலை ஒருத்தரா ரெண்டு பேருக்கு. பெரிய பங்கு அருளம்பலத்துக்கும் கதிரவேலுவுக்கும். அவைக்கு மூண்டு மணித்தியாலம். எனக்கு என்ரை மனிசன் தம்பிஐயா விட்டிட்டுப் போன துண்டுப் பங்கு, அரை மணித்தியாலம். தண்ணி இறைக்கிற மிசின் அறைப் பூட்டின்ரை திறப்பு அருளம்பலத்தின்ரை இடுப்பிலை. முறை எழுதுற கொப்பி அவற்றை கக்கத்துக்கை. சண்டை வந்தால் தீர்ப்புச் சொல்லுறதும் அவர்தான். முப்பது வருசம் இப்பிடித்தான் போச்சு. ஆரும் வாய் திறக்கேல்லை. நான் திறந்தனான், ஆர் கேட்டது?

முந்தின வருசம் மகள் மதுராவுக்குப் பிள்ளைப்பேறு எண்டு, பெண்சாதி இராசமலரையும் கூட்டிக்கொண்டு அமெரிக்காவிலை பொஸ்ரனுக்குப் போனார். ஆறு மாதம். பேரப்பிள்ளையைப் பாத்தவரோ தெரியாது, மியூசியம் எல்லாம் பாத்திட்டு வந்திட்டார். வந்து இறங்கின அண்டைக்கே வேலிக்கு மேலாலை தலையை நீட்டி,

"அக்கா, நான் இவ்வளவு நாளும் ராசா மாதிரி இருந்திட்டன். அது பிழை" எண்டார்.

"அதைக் கண்டுபிடிக்க பிளேனிலை போக வேணுமே? என்னட்டைக் கேட்டிருந்தால் சும்மா சொல்லியிருப்பன்."

அந்த நாட்டுக்காரர் வெள்ளைக்கார ராசாவைக் கலைச்சுப்போட்டு, இனி ஒருத்தன் கையிலை எல்லாத்தையும் குடுக்கிறேல்லை எண்டு அதிகாரத்தை மூண்டாப் பிரிச்சவங்களாம். சட்டம் எழுதுறவன் ஒருத்தன், நடத்துறவன் ஒருத்தன், ஞாயம் சொல்லுறவன் ஒருத்தன். ஒருத்தன் துள்ளினால் மற்றவன் இழுத்துப் பிடிப்பானாம். எங்கடை கிணத்துக்கும் அப்பிடி ஒண்டு எழுத வேணுமாம்.

சித்திரை வெயிலுக்கை ஆறு பேரையும் தன்ரை விறாந்தைக்குப் பக்கத்து அறையிலை இருத்திப்போட்டு, யன்னல் எல்லாத்தையும் இறுக்கிச் சாத்தினார். அமெரிக்காக்காரரும் அப்பிடித்தான் சாத்திப்போட்டு எழுதினவங்களாம், வெளியிலை கதை போகக்கூடாதெண்டு.

"அண்ணை, மூச்சு முட்டுது" எண்டான் ஜெயசுதன். அவன்தான் எங்களுக்கை இளம் ஆள், மிளகாய் போடுறவன்.

"ரகசியம் வேணும் தம்பி."

"என்ன ரகசியமடா?" எண்டன் நான். "எங்கடை மிசின் ஓடினால் பக்கத்து ஊர் மானிப்பாய் மட்டுக்கும் கேக்கும்!"

அவர் யன்னலைத் திறக்கேல்லை. பேந்து சண்டை தொடங்கிச்சு. பெரிய பங்குக்குப் பெரிய சொல்லு வேணும் எண்டு கதிரவேலு. வாக்குக்குக் கை தூக்கிறதெண்டால் ஆளுக்கு ஒரு கை எண்டு ஜெயசுதன். அங்கையும் பெரிய மாநிலமும் சின்ன மாநிலமும் இதுக்குத்தான் அடிபட்டவையாம். கடைசியிலை ஒரு சபையிலை சனத்தொகைப்படி, மற்றச் சபையிலை எல்லாருக்கும் சமன் எண்டு இணங்கினவையாம். அப்ப நாங்களும் இணங்கினம். தண்ணி பங்குப்படி, சட்டம் மாத்திறதெண்டால் ஆளுக்கு ஒரு கை.

எழுதி முடிச்சு ஆறு பேரின்ரை பேரையும் வாசிச்சார். கடைசியிலை "காலஞ்சென்ற தம்பிஐயா" எண்டு வாசிச்சார்.

எனக்குக் கோவம் ஏறிச்சுது. "எட அருளம்பலம், செத்த மனிசனுக்கு ஒரு கை இருக்கு, உயிரோடை முன்னுக்கு இருக்கிற எனக்கு இல்லையோ? எல்லாரும் சமனாப் பிறந்தவை எண்டு எழுதினவங்கள் எண்டியே?"

"எழுதினவங்கள்தான் அக்கா."

"அப்ப அங்கை அடிமையள் இருக்கேல்லையோ?"

தலையைக் குனிஞ்சார். "இருந்தவை. எழுதினவங்களிலையே கனபேர் வைச்சிருந்தவங்கள்."

"பொம்பிளையளுக்கு வாக்கு?"

"அது... பேந்து திருத்தினவை."

"எவ்வளவு காலம் கழிச்சு?"

"நூற்றி முப்பது வருசத்துக்கு மேலை."

"அவ்வளவு காலம் நான் கிடக்க மாட்டன். இப்பவே திருத்து."

ஜெயசுதன் கை தூக்கினான். பிறகு எல்லாரும் தூக்கினவை. அறைக்கை வெக்கை, கெதியா வெளியிலை போக வேணுமெல்லே. திருத்தினதோடை நிக்காமல், ஞாயம் சொல்லுற வேலையையும் என்ரை தலையிலை கட்டிப்போட்டினம். திறப்பு கதிரவேலுவுக்கு. கொப்பி மட்டும் அருளம்பலத்துக்கு.

இனி வெங்காயத்துக்கு வாறன். அருளம்பலத்துக்கு ரெண்டு பரப்புக் காணியிலை சின்ன வெங்காயம். போன மாரி வெள்ளத்திலை முழுக்க அழுகிப் போச்சு. இராசமலர் அப்பவே சொல்லிப்போட்டா: "இந்தமுறையும் அழிஞ்சால் தோட்டத்தை விட்டிட்டு மகளிட்டைப் போறம். எனக்குப் பேரனைப் பாக்க வேணும்." இவரும் ஓம் எண்டு தலையாட்டினவர். அமெரிக்கா அமெரிக்கா எண்டு வாய் ஓயாத மனிசன், அங்கை போய் இருக்கிறதெண்டால் முகம் கறுத்துப் போகும். அங்கை தோட்டம் இல்லையாம். சைக்கிளை எங்கை விடுறதாம்.

ஆவணியிலை கிணறு வத்திக்கொண்டு வந்த நேரம். வெங்காயம் பருக்கிற பருவம். அண்டைக்கு விடிய ஆறு மணிக்கு அவற்றை முறை. அவர் எழுதின சட்டம்: கால் மணித்தியாலத்துக்குள்ளை ஆள் வராட்டி முறை அடுத்தவருக்கு, ஆர் எண்டாலும். மனிசன் எங்கை? வீட்டுக்கை ரெலிபோனிலை மருமகன் கஜானனுக்கு, தான் அதிகாரத்தை மூண்டாப் பிரிச்ச கதையை விளங்கப்படுத்திக்கொண்டு நிக்கிறார். வேலியாலை எனக்குக் கேக்குது. நான் சத்தம் போட்டுப் பாத்தன். அவற்றை சத்தம் என்ரை சத்தத்தை விழுங்கிப் போட்டுது.

ஆறரைக்கு, நான் கிணத்தடிக்கு வந்து நிக்க, சைக்கிளை உழக்கிக்கொண்டு வாறார். அடுத்த முறைக்காரன் ஜெயசுதன்ரை மிளகாய்க்குத் தண்ணி ஓடுது.

"கதிரவேலு, மிசினை நிப்பாட்டு!"

"என்ரை கையிலை திறப்பு மட்டும்தான் அண்ணை" எண்டார் கதிரவேலு. முப்பது வருசமாக் காத்திருந்த சிரிப்பு. "ஞாயம் அக்காவிட்டை."

என்னட்டை வந்தார். வேர்த்து வழியுது. "அக்கா, அடுத்த முறைக்கு ஆறு நாள். கருகிப் போகும். உங்களுக்குத் தெரியுந்தானே, வெங்காயம் போனால் மலர் என்னைக் கட்டிப் பிளேனிலை ஏத்திப்போடுவா."

"தெரியும்."

"சட்டத்தை எழுதினது நான்தானே!"

"எழுதினது நீதான். அதாலைதான் உனக்கு இல்லை. ஜெயசுதன் பிந்தி வந்திருந்தால் நீ குடுத்திருப்பியோ?"

அவர் கொப்பியை எடுத்து, சைக்கிள் சீற்றிலை வைச்சு எழுதி எனக்கு வாசிச்சுக் காட்டினார்: "கேட்டவர் அருளம்பலம். தீர்ப்பு, இல்லை."

எனக்கு மனம் பொறுக்கேல்லை. "நாளைக்கு என்ரை அரை மணித்தியாலத்தை எடன்" எண்டன்.

"ஞாயம் சொன்ன ஆளிட்டை நான் ஒண்டும் வாங்கக்கூடாது அக்கா."

விசரன்! ஆறு நாளும் வீட்டுக் குடிதண்ணிக் கிணத்திலை அள்ளி, பூவாளியாலை பாத்தி பாத்தியா ஊத்தினார். முதுகு பிடிச்சுப் போச்சு. இராசமலர் வேலிக்கரையிலை நிண்டு ஏசினபடி. மூண்டாம் நாள் பாத்தன், ஏச்சு ஓயேல்லை, ஆனால் அவவின்ரை கையிலையும் ஒரு வாளி.

பாதி பிழைச்சுது. பாதி கருகிச்சுது. அதுக்குப் பிறகு புருசன் பெண்சாதி ரெண்டு பேரும் என்ரை வாசலிலை. பாதி போனால் அது அழிஞ்ச கணக்கோ, இல்லையோ?

"நீங்களே சொல்லுங்கோ அக்கா" எண்டா மலர்.

நான் வாயைத் திறக்க முந்தி அருளம்பலம் கையை நீட்டி மறிச்சார். "அக்காவுக்குக் கிணத்து வழக்குக் கேக்கத்தான் அதிகாரம். வீட்டு வழக்கு சட்டத்திலை இல்லை."

நான் அவருக்குச் சாதகமாச் சொல்ல இருந்தனான்! தன்ரை வழக்கைத் தானே குழப்பின மனிசனை இப்பத்தான் காணுறன்.

மலர் அவரை மேலும் கீழும் பாத்தா. "உந்த மனிசனைக் கொண்டு போனால், மதுரா இருக்கிற தொடர்மாடிக்கும் யன்னலைச் சாத்திப்போட்டு சட்டம் எழுதத் தொடங்குவார். பிள்ளை பாவம். இன்னும் ஒரு போகம் இஞ்சை கிடக்கட்டும். மாரி முடிய நான் தனியப் போய் பேரனைப் பாத்திட்டு வாறன்."

"அதைக் கொப்பியிலை எழுதட்டே?" எண்டு கேட்டார் அவர்.

"எழுதினால் கொப்பியை அடுப்புக்கை வைப்பன்" எண்டா மலர்.

இப்ப அவற்றை முறைக்கு ஒரு மணித்தியாலம் முந்தியே வந்து மிசின் அறை வாசலிலை குந்தியிருக்கிறார். கதிரவேலு வேணுமெண்டே ஆறு மணி அடிச்சாப்பிறகுதான் திறக்கிறது. சட்டத்திலை அப்பிடித்தானாம் கிடக்கு.